விங் ஃபோயிலிங் பழகுவோருக்கு: குறைந்த செலவில் எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது?

மூன்று கோடைகளுக்கு முன்னர் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள ஹேலிங் தீவுக் கடற்கரையில் குடும்பமாக நின்றிருந்தோம். காற்றடித்த பெரிய சிறகு ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஒருவர் பலகையில் நின்று போய்க்கொண்டிருந்தார். பலகை தண்ணீரைத் தொடவில்லை. அதற்குக் கீழே இருந்த மெல்லிய கம்பம் மட்டும் தண்ணீரைக் கீறிக்கொண்டு போனது. சத்தமே இல்லை. "அப்பா, இது எவ்வளவு முடியும்?" என்று மகள் கேட்டாள்.

யாழ்ப்பாணத்தில் வணிகமாணி முடித்து, அகதியாக இந்த நாட்டுக்கு வந்து, இருபது வருடங்களுக்கு மேலாக மற்றவர்களின் கணக்கைப் பார்த்துவரும் எனக்கு அது கடினமான கேள்வியாகப் படவில்லை. ஆனாலும் முதல் தடவை அந்தக் கணக்கைப் பிழையாகத்தான் போட்டேன். அந்தப் பிழைக்குக் கொடுத்த காசு மற்றவர்களுக்காவது பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன். விலைகள் நான் பிரித்தானியாவில் கண்டவையும் கொடுத்தவையும். வேறு நாடுகளில் இருப்பவர்கள் தங்கள் சந்தை விலையைப் போட்டுப் பார்க்கலாம். கணக்குப் போடும் முறை மாறாது.

அந்த முறை இதுதான். கடையில் சொல்லும் விலை வேறு, கிரயம் வேறு. வாங்கிய விலையிலிருந்து, பிறகு விற்கும்போது கிடைக்கும் விலையைக் கழியுங்கள். மீதியை நீங்கள் தண்ணீரில் இருந்த மணித்தியாலங்களால் வகுங்கள். வருவதுதான் உண்மையான கிரயம். மலிவாக வாங்கிய பொருளில் ஒரு நாள்கூட நிற்க முடியாமல் போனால் அதைவிடக் கூடிய கிரயம் வேறில்லை.

இது என்ன விளையாட்டு?

தண்ணீருக்கு அடியில் விமானத்தின் இறக்கை போன்ற ஒன்றைப் பொருத்தினால், வேகம் கூடும்போது அது மேலே இருப்பதைத் தூக்கும். இந்த எண்ணம் புதியதல்ல. இத்தாலியரான என்றிகோ ஃபொர்லானினி 1906 இல் மஜ்ஜோரே ஏரியில் இப்படி ஒரு படகை ஓட்டிக் காட்டினார். தொலைபேசிக்குப் பெயர்பெற்ற அலெக்சாண்டர் கிரஹாம் பெல்லும் அவரது குழுவும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் கட்டிய எச்.டி.-4 என்ற படகு 1919 இல் மணிக்கு ஏறக்குறைய 114 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. அலைச்சறுக்குப் பலகைக்கு அடியில் இந்த இறக்கையைப் பூட்டுவது பின்னாளில் வந்தது. கையில் பிடிக்கும் காற்றடித்த சிறகை நேஷ், டுவோடோன் போன்ற நிறுவனங்கள் 2019 இல் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகே இது எல்லோரும் பழகும் விளையாட்டாகியது.

தேவையான பெரிய பொருட்கள் மூன்று. நிற்பதற்குப் பலகை. தண்ணீருக்கு அடியில் ஃபோயில். கையில் விங். ஃபோயில் என்பது நான்கு துண்டுகள் சேர்ந்தது: நிமிர்ந்து நிற்கும் மாஸ்ட், அதன் அடியில் கிடையாக இருக்கும் பியூஸ்லாஜ் என்ற தண்டு, அந்தத் தண்டின் முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சிறிய இறக்கை. கடையில் இந்தப் பெயர்களைத்தான் சொல்வார்கள் என்பதால் அவற்றை அப்படியே பாவிக்கிறேன்.

இதில் நினைவில் வைக்க வேண்டிய விதி ஒன்று உண்டு. இறக்கை பெரிதானால் குறைந்த வேகத்திலேயே தூக்கும். பலகை பெரிதானால் வேகம் வரும்வரை உங்களைத் தாங்கும். பழகுபவருக்கு வேகம் இல்லை. ஆகவே அவருக்கு இரண்டுமே பெரிதாக வேண்டும்.

முதல் செலவு நீச்சலும் பாடமும்

நீச்சல் தெரியாதவர்கள் இதில் ஒரு சதமும் போடக் கூடாது. முதலில் உள்ளூர் நீச்சல் தடாகத்துக்குப் போங்கள். எங்களில் பலர் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் நீச்சல் பழகாமல் வந்தவர்கள். 50 வயதில் பழகுவதில் வெட்கம் இல்லை. ஆழத்தில் விழுந்து, பதறாமல் பலகைக்குத் திரும்பி நீந்த வேண்டும். அதுதான் தேவையான தகுதி.

அடுத்தது பாடம். பொருள் வாங்குவதற்கு முன்னரே இரண்டு பாடங்கள் எடுங்கள். நான் ஒரு பாடத்துக்கு 120 பவுண் கொடுத்தேன். பொருட்கள் எல்லாம் பள்ளியுடையவை. அந்தச் சில மணித்தியாலங்களில் எந்த அளவுப் பலகையில் நிற்க முடிகிறது, எந்த அளவு விங்கைக் கை தாங்குகிறது என்பது தெரிந்துவிடும். பாய்மர விளையாட்டுகளுக்கான தேசிய அமைப்பான ஆர்.வை.ஏ. இதற்கென ஒரு பாடத்திட்டம் வைத்திருக்கிறது. அதன் அங்கீகாரம் உள்ள பள்ளியா என்று விசாரித்துச் சேருங்கள்.

செலவில்லாமல் பழகக்கூடிய பகுதியும் உண்டு. விங்கைக் கையாளும் முறையைப் புல்வெளியிலேயே பழகலாம். வீட்டில் நின்று துடுப்புப் போடும் பழைய பெரிய பலகை இருந்தால், அமைதியான தண்ணீரில் அதில் நின்று விங்கைப் பிடித்துப் பழகலாம். பலகையின் நடுவில் செட்டை இருந்தால் பக்கவாட்டில் இழுபடாமல் போகும். எனது மகள் ஃபோயிலைத் தொடுவதற்கு முன் ஆறு கிழமை இப்படித்தான் பழகினாள்.

எனது முதற் பிழை

பாடம் எடுக்காமல் நான் முதலில் செய்த காரியம், இணையத்தில் பாவித்த பொருள் தேடியது. 90 லீற்றர் பலகையும், 1,200 சதுர சென்ரிமீற்றர் முன் இறக்கை கொண்ட ஃபோயிலும் சேர்த்து 750 பவுண். காபன் மாஸ்ட். புதிதாக வாங்கினால் மூன்று மடங்குக்கு மேல் என்று கண்டதும் மனம் துள்ளியது. விற்றவர் என்னை ஏமாற்றவில்லை. நல்ல பொருள் என்றார், நல்ல பொருள்தான். பழகி முடித்தவருக்கு.

எனது நிறை 82 கிலோ. 90 லீற்றர் பலகையில் முழங்காலில் இருக்கும்போதே அது தண்ணீருக்குள் அமிழ்ந்தது. பதினொரு தடவை கடலுக்குப் போனேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து நிற்கவில்லை. மகள் கரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று மாதத்தின் பிறகு 520 பவுணுக்கு விற்றேன். நட்டம் 230 பவுண். அதில் கிடைத்த மணித்தியாலம் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது என்பது எட்டாம் வகுப்புப் பாடம்.

விற்பதற்கும் மனம் வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "இவ்வளவு காசு போட்டாயிற்று, இன்னும் கொஞ்சம் முயற்சித்தால் சரிவரும்" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளர் ஒருவர் இப்படிச் சொன்னால், போன காசு அமிழ்ந்த கிரயம், அதைப் பார்த்து அடுத்த முடிவை எடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்பவன் நான்.

பலகை: நிறையோடு 40 லீற்றரைக் கூட்டுங்கள்

பலகையின் கொள்ளளவை லீற்றரில் சொல்வார்கள். ஒரு லீற்றர் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். பழகுபவர் தனது நிறையோடு 30 முதல் 40 வரை கூட்டிக்கொள்வது நல்ல தொடக்கம். 60 கிலோ உள்ளவருக்கு 90 முதல் 100 லீற்றர். 75 கிலோவுக்கு 105 முதல் 115. குளிர்காலத் தடித்த உடுப்புப் போடுபவர்களும், என்னைப் போல் வயதும் முழங்காலும் ஒத்துழைக்காதவர்களும் இன்னும் 10 கூட்டலாம். குடும்பத்தில் இரண்டு பேர் ஒரே பலகையைப் பாவிப்பதென்றால் நிறை கூடியவரின் கணக்கை எடுங்கள். பாரம் குறைந்தவர் பெரிய பலகையில் சமாளிப்பார். பாரம் கூடியவர் சிறிய பலகையில் சமாளிக்க மாட்டார்.

கடினமான பலகையா, காற்றடிக்கும் பலகையா என்பது அடுத்த கேள்வி. கடினமானது விறைப்பாக இருக்கும், தண்ணீரைவிட்டு இலகுவாக எழும்பும். காற்றடிப்பது கொஞ்சம் வளைந்து கொடுக்கும், எழும்பச் சற்றுக் கூடிய வேகம் வேண்டும். ஆனால் விலை குறைவு, மேலே விழுந்தாலும் அடி குறைவு, சுருட்டி அலுமாரிக்குள் வைக்கலாம். மாடிக் குடியிருப்பில் இருப்பவருக்கு இது பெரிய விடயம். காற்றடிக்கும் பலகையை வாங்கும்போது, ஃபோயில் பூட்டும் இடத்தில் கடினமான தட்டுப் பதித்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஃபோயில் ஆடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தப் பெரிய பலகை நிரந்தரச் சொத்து அல்ல. ஒரு வருடத்தில், சிலருக்கு அதற்கு முன்னரே, சிறிய பலகைக்கு மாறிவிடுவீர்கள். விற்பதற்காகவே வாங்கும் பொருள் இது. ஆகவே புதிதாக வாங்காதீர்கள்.

ஃபோயில்: பெரிய இறக்கை, அலுமினிய மாஸ்ட்

70 முதல் 85 கிலோ உள்ளவர் பழகுவதற்கு முன் இறக்கை 1,700 முதல் 2,200 சதுர சென்ரிமீற்றர் வரை இருக்கலாம். 55 முதல் 65 கிலோவுக்கு 1,400 முதல் 1,700 போதும். பரப்பு மட்டும் போதாது, வடிவத்தையும் பாருங்கள். நீண்டு ஒடுங்கிய இறக்கை வேகமானது, ஆனால் வேகம் குறைந்தவுடன் கைவிட்டுவிடும். நீளம் குறைந்து அகலம் கூடிய இறக்கை மெதுவானது, பொறுமையானது. பழகுபவருக்கு இரண்டாவதே வேண்டும்.

மாஸ்ட் 70 அல்லது 75 சென்ரிமீற்றர் நல்லது. அதைவிடக் குறைந்தால் இறக்கை அடிக்கடி தண்ணீருக்கு வெளியே வந்துவிடும், உடனே விழுவீர்கள். கூடினால் ஆழமான தண்ணீர் வேண்டும், விழுகிற உயரமும் கூடும்.

அலுமினியமா, காபன் இழையா? காபன் விறைப்பானது, இலேசானது, விலை இரண்டு மடங்குக்கும் மேலே போகலாம். பழகும் வேகத்தில் அந்த வித்தியாசத்தை உங்களால் உணர முடியாது. அலுமினியத்தையே வாங்குங்கள். அதற்கு ஒரு பராமரிப்பு உண்டு. அலுமினியமும் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியும் உப்புத் தண்ணீரில் சேர்ந்திருந்தால் அரிப்பு வந்து இரண்டும் இறுகிவிடும். ஒவ்வொரு தடவையும் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, திருகாணிகளில் டெஃப்-ஜெல் போன்ற அரிப்புத் தடுக்கும் பசையைப் பூசுங்கள். ஒரு சிறிய குழாய் பல மாதங்களுக்கு வரும். இதைச் செய்யாத ஃபோயிலின் எஞ்சிய பெறுமதி பழைய இரும்புக் கடையின் பெறுமதிதான்.

பொருத்தம் பற்றி இரண்டு விடயங்கள். மாஸ்ட்டின் மேல்தட்டு பலகையில் பூட்டுவது பெரும்பாலும் ஒரே அளவுதான்: 90 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு தண்டவாளம். ஆகவே ஒரு நிறுவனத்தின் பலகையில் இன்னொரு நிறுவனத்தின் ஃபோயிலைப் பூட்டலாம். ஆனால் ஃபோயிலின் உள்துண்டுகள் அப்படியல்ல. ஒரு நிறுவனத்தின் முன் இறக்கை இன்னொன்றின் பியூஸ்லாஜில் பொருந்தாது. சில சமயம் ஒரே நிறுவனத்தின் பழைய வரிசையும் புதிய வரிசையும்கூடப் பொருந்தாது. எனவே துண்டு துண்டாக மலிவு தேடாமல் முழு ஃபோயிலாக வாங்குங்கள். அந்த வரிசையில் சிறிய முன் இறக்கைகளும் பாவித்த சந்தையில் கிடைக்கின்றனவா என்று முதலே பாருங்கள். கிடைத்தால் அடுத்த வருடம் மாஸ்ட்டையும் தண்டையும் வைத்துக்கொண்டு முன் இறக்கையை மட்டும் மாற்றலாம்.

விங்: ஒன்று போதும்

கடைகளில் மூன்று அளவு விங் வேண்டும் என்பார்கள். பழகும் வருடத்தில் ஒன்று போதும். பழகுவதற்கு உகந்த காற்று 15 முதல் 20 நொட், அதாவது மணிக்கு 28 முதல் 37 கிலோமீற்றர். அந்தக் காற்றில் 75 முதல் 85 கிலோ உள்ளவருக்கு 5 சதுர மீற்றர், 60 கிலோ உள்ளவருக்கு 4 அல்லது 4.5. காற்று அதைவிடக் கூடினால் அன்று போகாமல் விடுங்கள். அப்படி விடுவதும் செலவில்லாத பாதுகாப்பு.

மூன்று பொருட்களிலும் வேகமாகப் பெறுமதி தேய்வது விங்தான். அது துணி. வெயில் தின்னும், கடற்கரை மணல் உரஞ்சும், நுனிகள் தண்ணீரில் அடிபட்டுத் தளரும். மூன்று நான்கு வருடம் ஓடிய விங்கை மிகக் குறைந்த விலைக்குக் கண்டாலும் வாங்காதீர்கள். துணி தளர்ந்த விங் காற்றைப் பிடிக்காமல் படபடக்கும். பழகுபவர் தனக்குத்தான் திறமை இல்லை என்று நினைத்துக்கொள்வார். ஒரு பருவம் மட்டும் பாவித்ததையோ, கடையில் விற்காமல் மிஞ்சிய சென்ற வருட வகையையோ தேடுங்கள்.

புதிதாகவே வாங்க வேண்டியவை

இதுவரை பாவித்ததை வாங்கச் சொன்னேன். கீழ்வருவனவற்றில் அதைச் சொல்ல மாட்டேன்.

தலைக்கவசம்: தண்ணீர் விளையாட்டுக்கான ஈ.என். 1385 தரக்குறி உள்ளதைப் புதிதாக வாங்குங்கள். அடிபட்ட கவசத்தின் உள்வெடிப்பு வெளியே தெரியாது. விழும்போது ஃபோயில் எந்தப் பக்கம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

மிதவை மேலங்கி: இங்கே ஒரு குழப்பம் உண்டு. அடி தாங்கும் மேலங்கி வேறு, மிதக்க உதவும் மேலங்கி வேறு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். முதலாவது உங்களை மிதக்க வைக்கும் என்ற உத்தரவாதம் இல்லை. பழகுபவர் 50 நியூட்டன், ஈ.என். ஐ.எஸ்.ஓ. 12402-5 என்று எழுதியிருப்பதை வாங்க வேண்டும்.

இணைப்பு வார்கள்: பலகைக்கு ஒன்று, விங்குக்கு ஒன்று. கையை விட்டுப்போன விங்கைக் காற்று கொண்டுபோகும் வேகத்தில் எவராலும் நீந்த முடியாது.

வெற்சூட்டை மட்டும் பாவித்ததாக வாங்கலாம். முழங்காலிலும் தையலிலும் வெடிப்பு இல்லாமல் இருந்தால் போதும். தென்கரைக் கடல் ஓகஸ்ட், செப்ரெம்பரில் 17, 18 பாகை வரை வரும். மாசியில் 8, 9 பாகைதான். கோடைக்கு 3/2 மில்லிமீற்றர், இளவேனிலுக்கும் இலையுதிர் காலத்துக்கும் 4/3, குளிர்காலத்துக்கு 5/4. முதல் வருடம் குளிர்காலத்தை விட்டுவிட்டால் ஒரு உடுப்பின் செலவு மிச்சம்.

பாவித்த பொருளைப் பார்க்கும் முறை

படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். நேரில் போங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் கீழ்க்காணும் சோதனைகளுக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

விங்: போனவுடன் காற்றடித்து ஒரு பக்கம் வையுங்கள். எத்தனை பி.எஸ்.ஐ. என்று விங்கிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 7 அல்லது 8. மற்றவற்றைப் பார்த்து முடிக்கும்வரை அது விறைப்பாக நிற்க வேண்டும். நுனித் தையல், பின்னோரத் துணி, வால்வைச் சுற்றிய இடம் ஆகியவற்றைக் கையால் தடவிப் பாருங்கள். ஒட்டுப் போட்டிருந்தால் குற்றமில்லை, எங்கே எதற்கு என்று கேளுங்கள்.

ஃபோயில்: முழுவதையும் உங்கள் முன்னால் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள். கழற்ற முடியவில்லை என்றால் அரிப்புப் பிடித்துவிட்டது, நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பூட்டிய பின் இறக்கையைப் பிடித்து ஆட்டுங்கள். இணைப்பில் ஆட்டம் இருக்கக் கூடாது. திருகாணித் தலைகள் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடினமான பலகை: தண்டவாளப் பெட்டியைச் சுற்றி வெடிப்பு உள்ளதா என்று பாருங்கள். காலடி படும் இடங்களை விரலால் அமுக்குங்கள், மெத்தென்று போனால் உள்ளே கெட்டுவிட்டது. முடிந்தால் நிறுத்துப் பாருங்கள். நிறுவனம் சொல்லும் நிறையைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கலாம்.

காற்றடிக்கும் பலகை: முழு அழுத்தத்துக்கு அடித்து, ஓரத் தையலில் சவர்க்காரத் தண்ணீர் பூசினால் கசிவு குமிழியாகத் தெரியும்.

விற்பதற்கு ஆட்கள் கூடும் காலம் ஒக்ரோபர், நவம்பர். கடைகளும் அப்போதுதான் பழைய வருட வகைகளைக் கழிப்பார்கள். இளவேனிலில் எல்லோரும் வாங்க வருவார்கள். ஆகவே இலையுதிர் காலத்தில் வாங்கி இளவேனிலில் விற்பவருக்கே லாபம்.

சட்டமும் வரியும்

பாவித்ததற்கும் புதியதற்கும் விலை வித்தியாசம் சிறிதாக இருந்தால் சட்டப் பாதுகாப்பின் பெறுமதியையும் சேர்த்துப் பாருங்கள். பிரித்தானியக் கடை ஒன்றிடம் இணையத்தில் வாங்கினால், பொருள் கைக்கு வந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே வாங்கியதை இரத்துச் செய்யலாம். பழுதான பொருளென்றால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம், இது 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். 100 பவுணுக்கு மேல் 30,000 பவுண் வரையான ஒரு பொருளுக்குக் கடனட்டையால் பணம் கொடுத்தால், கடை மூடப்பட்டாலும் வங்கியும் பொறுப்பு, இது 1974 ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75 ஆம் பிரிவு. தனிநபரிடம் காசாகக் கொடுத்து வாங்கும்போது இவை எதுவும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வரவழைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரான்சின் கோங் போன்ற, கடைகளைத் தவிர்த்து நேரடியாக விற்கும் நிறுவனங்களின் விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகியதன் பின், 135 பவுணுக்கு மேற்பட்ட பொதிக்கு 20 வீத வற் வரியும், பொருளைப் பொறுத்துச் சுங்க வரியும் வரலாம். திரையில் காட்டும் விலையில் இவை அடங்கியுள்ளனவா, திருப்பி அனுப்பினால் யார் செலவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எங்கள் கணக்கு

இரண்டாம் தடவை, பாடம் எடுத்த பிறகு வாங்கியவை இவை. எல்லாம் நானும் மகளும் சேர்ந்து பாவிப்பதற்கு.

பாவித்த 130 லீற்றர் காற்றடிக்கும் பலகை 320 பவுண். அலுமினிய மாஸ்ட்டும் 2,000 சதுர சென்ரிமீற்றர் முன் இறக்கையும் கொண்ட பாவித்த ஃபோயில் 430. ஒரு பருவம் பாவித்த 5 சதுர மீற்றர் விங் 380. மொத்தம் 1,130 பவுண். இதே வகையைப் புதிதாக வாங்க எனக்குச் சொல்லப்பட்ட விலை 2,600.

ஒரு பருவம் முடிந்தபோது பலகையை 260 பவுணுக்கு விற்றோம். ஃபோயிலும் விங்கும் கையில் இருக்கின்றன. அன்றைய சந்தையில் அவற்றின் பெறுமதியை 350, 250 என்று மதித்தேன். ஆகவே பெறுமானத் தேய்வு 60, 80, 130, மொத்தம் 270 பவுண். திருத்தம், பசை, சில்லறைச் சாமான் 40. தலைக்கவசம், மேலங்கி, வார்கள், பாவித்த வெற்சூட் எல்லாம் 260. பாடம் இரண்டு 240. கூட்டினால் 810 பவுண். இருவரும் சேர்ந்து தண்ணீரில் இருந்தது 40 மணித்தியாலம். மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 20 பவுண். பாடமும் பாதுகாப்புப் பொருளும் அடுத்த வருடம் திரும்ப வராத செலவுகள் என்பதால் இரண்டாம் வருடக் கிரயம் இன்னும் குறையும். எரிபொருளை இதில் சேர்க்கவில்லை. அது உங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் உள்ள தூரம்.

வாங்கவே கூடாதவர்களும் உண்டு. நாங்கள் பழகிய இடத்தில் வாடகை மணித்தியாலத்துக்கு 40 பவுண். எங்கள் தேய்வும் திருத்தச் செலவும் சேர்ந்து 310. 40 ஆல் வகுத்தால் எட்டு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. வருடத்தில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போவீர்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் வாடகைக்கு எடுங்கள். கோவில் திருவிழா, கலியாண வீடு, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி எல்லாம் போக எத்தனை வார இறுதி மிஞ்சும் என்று உண்மையாக எண்ணிப் பாருங்கள்.

எங்கே, எப்போது?

ஃபோயில் உள்ள பலகைக்கு மாஸ்ட்டின் நீளத்தைவிட ஆழம் வேண்டும். 75 சென்ரிமீற்றர் மாஸ்ட் என்றால் ஒரு மீற்றருக்கு மேலாவது இருக்க வேண்டும். பூல் துறைமுகம் பரந்தது, அழகானது, ஆனால் சராசரி ஆழம் அரை மீற்றர் அளவுதான். வற்று நேரத்தில் ஃபோயில் தரையில் குத்தி ஆளைத் தூக்கி எறியும். 2012 ஒலிம்பிக் பாய்மரப் போட்டிகள் நடந்த போர்ட்லண்ட் துறைமுகம் ஆழமானது, அலைதடுப்புச் சுவர்களால் பெரிய அலை வராது. எங்கே போனாலும் வற்றுப்பெருக்கு அட்டவணையைப் பாருங்கள்.

கரையிலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் இறங்கவே கூடாது. கரையோரம் தண்ணீர் கண்ணாடிபோல அமைதியாகத் தெரியும், அதுதான் பொறி. தனியே போகாதீர்கள். நீர் புகாத உறையில் கைத்தொலைபேசியை உடம்போடு வைத்திருங்கள். ஆபத்தென்றால் 999 ஐ அழைத்துக் கரையோரக் காவற்படையைக் கேட்க வேண்டும். என்ன நடந்தாலும் பலகையை விட்டு நீந்தக் கூடாது.

இலங்கைக்கு விடுமுறையில் போகிறவர்களுக்கும் ஒரு செய்தி. புத்தளம் மாவட்டத்தின் கற்பிட்டிக் களப்பு சோளகக் காற்றுக் காலத்தில், வைகாசி முதல் ஐப்பசி வரை, இந்த விளையாட்டுகளுக்குப் பெயர்பெற்றது. எமது பள்ளி விடுமுறையும் அதற்குள் வருகிறது. அங்கே பாடமும் எடுக்கலாம், பொருளும் வாடகைக்குக் கிடைக்கும். பலகையை விமானத்தில் காவிச் செலவழிக்க வேண்டாம்.

அந்தப் பாவித்த விங்கை முதன்முதல் காற்றடித்தபோது ஓரத் தையலில் ஒரு சிறிய துணித்துண்டைக் கண்டேன். இலங்கையில் செய்யப்பட்டது என்று இருந்தது. உலகத்தின் பெயர்பெற்ற பாய்களும் விங்குகளும் பல அங்கேதான் தைக்கப்படுகின்றன என்று பிறகு அறிந்தேன். நான் ஊரை விட்டு வந்த நாட்களில் வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும், ஆனால் இறங்க முடியாது. மீன்பிடிக்கப் போகிறவர்களுக்கே பாஸ் வேண்டும். பாய் விரித்த வள்ளம் ஒன்றைக் கண்டு எத்தனையோ நாளாகியிருந்தது. அந்த நாட்டில் யாரோ தைத்த துணியைப் பிடித்துக்கொண்டு எனது மகள் வேறொரு கடலில் முதன்முதல் எழும்பியதை நான் கரையில் நின்று பார்த்தேன். பத்து விநாடி இருக்கும். பிறகு விழுந்தாள்.

எங்கள் 130 லீற்றர் பலகையை வாங்கியவரும் ஒரு தமிழர்தான், இரண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார். அவரது நிறையைக் கேட்டேன். பாடம் எடுத்தாயிற்றா என்று கேட்டேன். இல்லை என்றார். முதலில் பாடத்தை எடுங்கள், பலகையை இரண்டு கிழமை உங்களுக்காக வைத்திருக்கிறேன் என்றேன். இரண்டு கிழமையின் பின் வந்து எடுத்துப் போனார். "அடுத்த வருடம் நீங்களும் இதை விற்றுவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன்.